சிரட்டையிலிருந்து டீசல்: பத்துக் கிலோ நிலையம் ஒன்றின் கணக்கும் கோளாறும்

குளச்சலில் இருந்து குலசேகரம் வரை எந்தச் சாலையில் போனாலும் தென்னையும் ரப்பரும்தான். அதனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த யோசனை அடிக்கடி எழுகிறது: சிரட்டையை (கொட்டாங்கச்சியை) வாயுவாக்கி, அந்த வாயுவை வினையூக்கியின் மேல் செலுத்தி டீசல் வடிக்கலாமே. வேதியியல் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. 1920-களின் நடுவில் ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் ஃபிரான்ஸ் ஃபிஷரும் ஹான்ஸ் ட்ரோப்ஷும் செய்துகாட்டிய வினைதான் இது. தென்னாப்பிரிக்காவின் சசோல் 1955 முதல் நிலக்கரியைக் கொண்டு இதைத் தொழிலாகவே நடத்துகிறது. கத்தாரின் பெர்ல் ஆலை இயற்கை எரிவாயுவிலிருந்து நாளொன்றுக்கு 1,40,000 பீப்பாய் திரவம் எடுக்கும்படி கட்டப்பட்டது.

அதே வேலையை மணிக்கு 10 கிலோ உலர்ந்த சிரட்டை தின்னும் சிறு நிலையத்தில் செய்தால் எங்கே சிக்கும் என்பதுதான் இங்கே கேள்வி. நிலையம் காகிதத்தில் கட்டப்பட்டது. எடுத்துக்கொண்ட மதிப்புகள் இத்துறையில் வழக்கமாகப் புழங்குபவை. மற்ற எண்கள் அவற்றிலிருந்து வந்த கணக்கு. விடையையும் இப்போதே சொல்லிவிடலாம். பலரும் பயப்படுகிற உலை இதில் ஓரளவு அடங்கிப்போகும் பகுதி. அதற்கு முன்னால் நிற்கிற வாயுச் சுத்திகரிப்புதான் பிழைக்கவைப்பதும் சாகடிப்பதும்.

எந்தச் சிரட்டை, எந்த விறகு

மணிக்கு 10 கிலோ என்றால் நாளுக்கு 240 கிலோ. ஒரு தேங்காயில் உலர்ந்த சிரட்டை சுமார் 130 கிராம் என்று வைத்தால் தினமும் 1,800 தேங்காய்ச் சிரட்டை வேண்டும். பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் ஆக்டிவேட்டட் கார்பன் செய்கிறவர்களும் சிரட்டைக் கரி சுடுகிறவர்களும் இதே சிரட்டைக்குத்தான் விலை பேசுகிறார்கள். இலவசக் கழிவு என்று தொடங்குகிற எந்தத் திட்ட அறிக்கையையும் அந்த வரியிலேயே மூடி வைத்துவிடலாம்.

சாம்பல் ஒரு சதவீதத்துக்குள் இருப்பதும், கட்டியாக உடைவதும், அதை வாயுவாக்கும் கலமான கேசிஃபையரில் அடைக்காமல் இறங்குவதும் சிரட்டையின் நல்ல குணங்கள். தேங்காய்த் தொண்டு அப்படி அல்ல. அந்த மட்டையின் சோறும் (நாரிடைத் தூளும்) நாரும் காற்றுப் பாதையை அடைக்கும். உப்புக்கழியில் ஊறப்போட்ட தொண்டில் சோடியமும் குளோரைடும் ஏறியிருக்கும். கடற்கரை ஓரம் காயப்போட்ட சிரட்டையிலும் இதே சிக்கல் உண்டு. நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிக் காயவைத்தால் உப்பில் பெரும்பகுதி போய்விடும். அற்பமாகத் தெரியும் இந்த வேலை பின்னால் ஆயிரக்கணக்கான ரூபாய் வினையூக்கியைக் காப்பாற்றும்.

ரப்பர் விறகு வெட்டிய ஈரத்தில் பாதி எடை தண்ணீர். வாயு மேலிருந்து கீழாக இறங்கும் கீழ்நோக்கு கேசிஃபையருக்கு ஈரம் 15, மிஞ்சினால் 20 சதவீதம்தான் தாங்கும். இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை) இரண்டுமே பெய்கிற மாவட்டத்தில், வெயிலை நம்பினால் வருடத்தில் பாதி நாள் நிலையம் பூட்டிக் கிடக்கும். இன்னொரு பொறி இருக்கிறது. மரச்சாமானுக்குப் போகிற ரப்பர் பலகையை வண்டு அரிக்காமலிருக்க போராக்ஸ்–போரிக் அமிலக் கரைசலில் ஊறவைப்பார்கள். அந்தப் பட்டறைகளின் துண்டுதுணுக்கு மலிவாகக் கிடைக்கும். வாங்கக் கூடாது. போரிக் அமிலம் நீராவியோடு கிளம்பி வாயுக் குழாய்க்குள் வரும். சோடியமும் கூடவே வரும்.

வாயு: பாதி நைட்ரஜன்

காற்று ஊதும் கீழ்நோக்கு கேசிஃபையர் ஒரு கிலோ சிரட்டைக்குச் சுமார் 2.5 கன மீட்டர் வாயு தரும். மணிக்கு 25 கன மீட்டர், அதாவது 1,115 மோல். கலவையில் கார்பன் மோனாக்சைடு 19 சதவீதம், ஹைட்ரஜன் 17, கார்பன் டைஆக்சைடு 11, மீத்தேன் 2. மிச்சத்தில் ஏறக்குறைய எல்லாமே நைட்ரஜன். மோல் கணக்கில் கார்பன் மோனாக்சைடு 212, ஹைட்ரஜன் 190. கார்பன் மோனாக்சைடுக்கு ஹைட்ரஜன் விகிதம் 0.9. இவ்விரண்டையும் கோத்து ஹைட்ரோகார்பன் சங்கிலியாக்கும் கோபால்ட் வினையூக்கி கேட்பதோ 2.1.

இடைவெளியை நிரப்ப நீர்வாயு மாற்றம். கார்பன் மோனாக்சைடும் நீராவியும் சேர்ந்து ஹைட்ரஜனும் கார்பன் டைஆக்சைடும் ஆகும். 82 மோலை இப்படி மாற்றினால் கார்பன் மோனாக்சைடு 130, ஹைட்ரஜன் 272, விகிதம் சரி. முழு வாயுவையும் மாற்ற உலைக்குள் விடக் கூடாது, விட்டால் ஹைட்ரஜன் அளவுக்கு மீறிப் போகும். இரும்பு–குரோமியம் வினையூக்கியை 350 முதல் 450 டிகிரியில் வைத்து, வாயுவில் சுமார் 45 சதவீதத்தை மட்டும் அதன் வழியே அனுப்பி, மீதியைப் பக்கவழியாகக் கொண்டுவந்து கலக்க வேண்டும். பக்கவழி வால்வுதான் விகிதத்தின் கைப்பிடி. மழைநாளில் சிரட்டை ஈரமானால் விகிதம் தானாகவே நகரும். அதனால் வால்வை ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிட முடியாது.

அடுத்தது அழுத்தம். 25 கன மீட்டரை 20 பாருக்கு (வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 20 மடங்கு) ஏற்ற, சமவெப்பநிலைக் கணக்கில் 2.3 கிலோவாட், நடைமுறைக் கம்ப்ரசரில் 4.5 ஆகும். அதில் பாதி நைட்ரஜனை அமுக்கவே செலவாகிறது. இவ்வளவு அமுக்கியும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்த பகுதி அழுத்தம் 6.7 பார்தான். வினைபுரியாத வாயுவைத் திருப்பிச் சுற்றவிடவும் முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் நைட்ரஜன் குவியும்.

நைட்ரஜனால் ஒரே ஒரு நன்மை. அது எந்த வினையிலும் சேராததால் அளவுகோலாகும். உள்ளே போகும்போது கார்பன் மோனாக்சைடு 10.9 சதவீதம், வெளியே 2.9 என்றால் மாற்றம் 73 சதவீதம் என்று தோன்றும். தவறு. வினையில் வாயுவே சுருங்கிவிட்டது. நைட்ரஜன் உள்ளே 46.6, வெளியே 63.2. கார்பன் மோனாக்சைடை நைட்ரஜனால் வகுத்து இரு பக்கத்தையும் ஒப்பிட்டால் உண்மையான மாற்றம் 80 சதவீதம் என்று வரும்.

சுத்திகரிப்பு

பணத்தையும் கவனத்தையும் கொட்ட வேண்டிய இடம் இது.

கந்தகத்தை முதலில் பார்ப்போம். சிரட்டையில் கந்தகம் 0.05 சதவீதம் என்று எடுத்தால் மணிக்கு 5 கிராம். அது முழுவதும் வாயுவுக்குப் போனால் ஹைட்ரஜன் சல்ஃபைடு சுமார் 140 பிபிஎம் (பத்து லட்சத்தில் 140 பங்கு). விறகு அடுப்புக்கு இது ஒன்றுமே இல்லை. கோபால்டுக்கு என்ன ஆகும்? பின்னால் வரும் கணக்குப்படி வினையூக்கி 14 கிலோ, அதில் கோபால்ட் 2.8 கிலோ, அதாவது 47.5 மோல். துகளின் மேற்பரப்பில் தெரியும் அணுக்கள் 8 சதவீதம் என்றால் வேலை செய்யும் கோபால்ட் 3.8 மோல் மட்டுமே. ஒரு கந்தக அணு ஒரு மேற்பரப்பு அணுவைக் கொல்கிறது என்று வைத்துக்கொண்டால், 140 பிபிஎம் வாயு முழு வினையூக்கியையும் 24 மணி நேரத்தில் முடித்துவிடும். ஒரு பிபிஎம் மட்டும் தப்பிப் போனாலும் பாதி வினையூக்கி 70 நாளில் காலி. 20 பிபிபிக்குக் (நூறு கோடியில் 20 பங்கு) கீழே கொண்டுவந்தால்தான் கந்தகம் கவலையாக இல்லாமல் போகும். 140 பிபிஎம்மிலிருந்து 20 பிபிபி: ஏழாயிரத்தில் ஒரு பங்கு.

இதை ஒரே படியில் செய்ய நினைப்பது வழக்கமான தவறு. துத்தநாக ஆக்சைடு நல்ல பொருள்தான். ஆனால் எடையில் 15 சதவீதம் கந்தகம் பிடிக்கும் என்று வைத்தால் ஒரு கிலோ, 30 மணி நேரத்தில் நிரம்பிவிடும். எனவே முதலில் மலிவான இரும்பு ஆக்சைடு படுகை. மரச்சீவலில் ஏற்றிய இரும்புத் துரு போன்றதே போதும். அது பெரும்பகுதியைப் பிடித்தபின், 350 டிகிரியில் துத்தநாக ஆக்சைடு கடைசிக் காவலாக நிற்கட்டும். இரண்டு கலங்களை வரிசையாக வைத்து, நடுவே மாதிரி எடுக்கும் குழாய் ஒன்று பொருத்த வேண்டும். முதல் கலத்துக்குப் பின் லெட் அசிடேட் தாள் கறுக்கத் தொடங்கினால் அதை மாற்றி, இரண்டாவதை முன்னுக்குக் கொண்டுவரலாம். கார்பனைல் சல்ஃபைடு என்ற இன்னொரு வடிவம் குளிர்ந்த கரிப் படுகையை அலட்சியமாகக் கடந்துபோகும். அதை முதலில் நீராவியோடு அலுமினாவின் (அலுமினியம் ஆக்சைடின்) மேல் உடைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடாக்க வேண்டும். தாள் வெள்ளையாகவே இருக்கிறது, வினையூக்கி மட்டும் செத்துக்கொண்டிருக்கிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

தார் அடுத்தது. கீழ்நோக்கு கேசிஃபையர் நன்றாக ஓடும்போது தார் குறைவு. சுமையைக் குறைத்து ஓட்டினால் கரிப் படுகை குளிர்ந்து தார் பலமடங்காகும். நிலையத்தைப் பாதிச் சுமையில் 'பத்திரமாக' ஓட்டுவது உண்மையில் ஆபத்தான ஓட்டம். தண்ணீரில் கழுவினால் ஃபீனால் கரையும், நாஃப்தலீன் கரையாது; கம்ப்ரசரின் வால்வுத் தகட்டில் போய்ப் படியும். ஆஸ்திரியாவின் குஸ்ஸிங் நிலையத்தில் கடுகினத்தைச் சேர்ந்த ரேப் விதை எண்ணெயின் மீத்தைல் எஸ்டரால் வாயுவைக் கழுவினார்கள். எண்ணெயில் தார் கரைந்துவிடும். இங்கே ரப்பர் விதை எண்ணெய் எஸ்டரைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். அதன் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம், சூட்டில் பிசினாகும். எதைக் கொண்டு கழுவினாலும் அதன்பின் குளிரூட்டி, ஆக்டிவேட்டட் கார்பன் படுகை என்று வரிசை நீள வேண்டும். நல்ல கார்பன் பெரும்பாலும் சிரட்டையிலிருந்துதான் செய்யப்படுகிறது. நிலையம் தன் எரிபொருளின் தம்பியைத்தான் காவலுக்கு வைக்கிறது.

குளோரினும் சோடியமும் சிரட்டையில் இருந்து மட்டுமல்ல, காற்றிலிருந்தும் வரும். கேசிஃபையர் ஊதுகுழாய் கடல் பக்கம் பார்த்திருந்தால் உப்புத் துளியை நேராக உள்ளே இழுக்கும். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி வைப்பதும், உறிஞ்சும் வாயை நிலப்பக்கம் திருப்பி வடிகட்டி போடுவதும் நல்லது. உப்புக் காற்று வெளியிலும் வேலை செய்கிறது: 304, 316 வகை எவர்சில்வர் குழாய்கள் 60 முதல் 200 டிகிரி சூட்டில், வெப்பக் காப்புக்கு அடியில் உப்பும் ஈரமும் சேர்ந்தால், இழுவிசை இருக்கும் இடங்களில் மயிரிழை விரிசல் விடும். வெளியே தகடு பளபளக்கும். உள்ளே வெல்டு ஓரம் பிளந்திருக்கும். காப்பின் மேல் தகட்டு இணைப்புகளைக் கீழ்நோக்கி மடித்து, மழைநீர் நுழையாமல் அடைப்பதும், வருடத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்ப்பதும் இந்த மாவட்டத்தில் கட்டாயம்.

ஆய்வகங்களில் அடிக்கடி ஏமாற்றுகிற இன்னொரு விஷம், இரும்பு கார்பனைல். அழுத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு சாதாரண எஃகைத் தொட்டால் இரும்பை மெல்லக் கரைத்து ஆவியாகத் தூக்கிப்போகும்; உலையின் சூட்டில் அது உடைந்து வினையூக்கியின் தலைப்பகுதியில் இரும்பாகப் படியும். கந்தகச் சோதனை இதைக் காட்டாது. கம்ப்ரசருக்கும் உலைக்கும் நடுவே சாதாரண எஃகுக் குழாய் ஓரடி கூட இருக்கக் கூடாது. உலையின் வாசலில் ஒரு சிறு கார்பன் படுகையும் வேண்டும்.

இதெல்லாம் சிறு நிலையத்தின் தலைவலி, பெரிய ஆலைகளுக்கு இல்லை என்று நினைத்தால் 1997-ஐ நினைவுபடுத்தலாம். மலேசியாவின் பின்டுலுவில் ஷெல் நிறுவனத்தின் ஆலை 1993-இல் தொடங்கியது. 1997 டிசம்பர் 25 அன்று அங்கே வெடிப்பு. வெடித்தது ஃபிஷர்–ட்ரோப்ஷ் உலை அல்ல. அதற்கு ஆக்சிஜன் பிரித்துக்கொடுத்த காற்றுப் பிரிப்பு நிலையம். அந்த ஆண்டு காட்டுத்தீப் புகை வானத்தை மூடியிருந்தது. புகையின் எரியக்கூடிய நுண்துகள்கள் காற்றுச் சுத்திகரிப்பைத் தாண்டி, திரவ ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் சேர்ந்தன. ஆலை மறுபடி ஓட 2000 ஆயிற்று. வாசலில் நுழைந்த காற்றுதான் வீட்டைக் கவிழ்த்தது.

வினையூக்கி

இந்த மண்ணுக்கும் இந்த வினைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதிலுள்ள தோரியம் அன்று வாயு விளக்கின் வலைத்திரிக்குத் தேவைப்பட்டது. 1930-களில் ஜெர்மனியின் ரூர்ஹெமி நிறுவன ஆலைகளின் கோபால்ட் வினையூக்கியிலும் தோரியம் ஆக்சைடு சேர்ந்தது: கோபால்ட் 100, தோரியம் ஆக்சைடு 5, மக்னீசியம் ஆக்சைடு 8, கீசல்கர் மண் 200 என்ற எடை விகிதம். கதிரியக்கம் காரணமாக இன்று யாரும் அதைத் தொடுவதில்லை. பிளாட்டினமோ ருத்தேனியமோ சிறிதளவு சேர்த்தால் ஒடுக்கம், அதாவது ஆக்சைடை உலோகமாக்குவது, எளிதாகிறது.

நம் நிலையத்துக்கு 20 சதவீதக் கோபால்ட், காமா அலுமினாவின் மேல். 100 கிராம் வினையூக்கிக்கு 20 கிராம் கோபால்ட் வேண்டும். கோபால்ட் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட்டில் கோபால்ட் 20.25 சதவீதம் என்பதால் 98.8 கிராம் உப்பு, 80 கிராம் அலுமினா. அலுமினாவின் துளைகள் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று அளந்து, அதே கனஅளவு கரைசலை இரண்டு தவணையாக ஊற்றிப் பிசைய வேண்டும். நாகர்கோவில் ஈரப்பதத்தில் திறந்து வைத்த அலுமினா ஏற்கெனவே தண்ணீர் குடித்திருக்கும். துளை அளவு தப்பாகும், கரைசல் வெளியே வழிந்து அலுமினா மணிகளை ஒட்டவைக்கும். 120 டிகிரியில் உலர்த்தி மூடிவைத்த பின்தான் அளவெடுக்க வேண்டும். ஒவ்வொரு தவணைக்குப் பின்னும் 120 டிகிரியில் 12 மணி நேரம் உலர்த்தி, காற்றோட்டத்தில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி வீதம் 350-க்கு ஏற்றிச் சுட வேண்டும். தடித்த அடுக்காகக் கொட்டிச் சுட்டால் பழுப்பு நைட்ரஜன் டைஆக்சைடு உள்ளேயே தேங்கிக் கோபால்ட் துகள்கள் பருக்கும். புகை வெளியேறும் குழாய் இல்லாத அறையில் இதைச் செய்யக் கூடாது.

திட்டப்படத்தில் தெரியாமல் ஒளிந்திருப்பது ஒடுக்கம். சுட்ட பின் இருப்பது கோபால்ட் ஆக்சைடு. அதை ஹைட்ரஜனில் 350 டிகிரிக்கு மேல் 12 மணி நேரமாவது வைத்தால்தான் உலோகமாகும். 14 கிலோவுக்கு வேதியியல் கணக்கில் 63 மோல் ஹைட்ரஜன் போதும். ஆனால் உருவாகும் நீராவியை உடனே அடித்துக்கொண்டு போகாவிட்டால் அதே நீராவி கோபால்டைக் கெடுக்கும். 15 லிட்டர் படுகைக்கு மணிக்கு ஆயிரம் மடங்கு ஓட்டம் என்றால் 15 கன மீட்டர். 12 மணி நேரத்துக்கு 180. 7 கன மீட்டர் சிலிண்டர் 26 வேண்டும். திட்ட மதிப்பீட்டில் இரண்டு சிலிண்டர் என்று எழுதியிருந்தால், எழுதியவர் இதைச் செய்து பார்த்ததில்லை. உலர்த்தும் படுகை வழியாக ஹைட்ரஜனைச் சுற்றவிடுவதே வழி. இன்னொரு இடைஞ்சல்: உலையின் வெப்ப எண்ணெய் உறையில் 350-க்கு மேல் ஏற்ற முடியாது. ஆகவே தனிக் கலத்தில் ஒடுக்கி, நைட்ரஜனில் குளிர்வித்து, உருகிய மெழுகில் தோய்த்து மணிகளைப் பூசியபின் உலைக்கு மாற்ற வேண்டும். ஒடுக்கிய கோபால்ட் வெறுங்காற்றைப் பார்த்தால் கனன்றுவிடும்.

உலையும் கரண்டும்

ஒரு மோல் கார்பன் மோனாக்சைடு சங்கிலியில் சேரும்போது சுமார் 165 கிலோஜூல் வெப்பம் வரும். 80 சதவீத மாற்றத்தில் மணிக்கு 104 மோல், 4.8 கிலோவாட். அளவு பெரிதல்ல, எங்கே வெளிப்படுகிறது என்பதுதான் சிக்கல். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வினைவேகம் ஏறக்குறைய 1.6 மடங்காகும், வேகம் ஏறினால் வெப்பம் ஏறும், அது மறுபடி வேகத்தை ஏற்றும். படுகையின் மேல் மூன்றிலொரு பங்கில்தான் இது நடக்கும், அங்கேதான் வாயு புதிதாக இருக்கிறது.

25 மி.மீ. உள்விட்டம், 2 மீட்டர் நீளமுள்ள 15 குழாய்கள். எட்டு முதல் கட்டத்துக்கு, ஏழு இரண்டாவதற்கு. ஒவ்வொரு கட்டத்திலும் 55 சதவீதம் மாற்றம். நடுவே குளிர்வித்துத் தண்ணீரை வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் கட்டத்துக் கோபால்டை நீராவியே கெடுக்கும். குழாயைத் தடிமனாக்கி எண்ணிக்கையைக் குறைக்கும் ஆசையை அடக்க வேண்டும், 50 மி.மீ. குழாயின் நடுவிலிருந்து சூடு சுவருக்கு வந்து சேராது. முதல் கட்டத்தின் மேல்பகுதியில் வினையூக்கியை, வினையில் சேராத சிலிக்கன் கார்பைடோடு சரிபாதி கலந்து நிரப்பலாம். கடற்கரை மணலை அலசிப் போட்டால் என்ன என்று கேட்பவர் உண்டு. அதில் இல்மனைட்டும் கார்னெட்டும் இருக்கும், இரண்டிலும் இரும்பு. வேண்டாம்.

பெரிய ஆலைகளில் குழாய்களைச் சுற்றிக் கொதிநீர் இருக்கும். 220 டிகிரியில் நீராவி அழுத்தம் 23.2 பார், அழுத்தத்தை ஒரு பார் மாற்றினால் வெப்பநிலை சுமார் இரண்டு டிகிரி நகரும். அருமையான கட்டுப்பாடு. சிறு நிலையத்துக்கு வெப்ப எண்ணெய் எளிது. உறைக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வராமலிருக்க நிமிடத்துக்கு 75 லிட்டர் எண்ணெய் ஓட வேண்டும்.

ஓட்டம் தொடங்குவது 180 டிகிரியில், குறைந்த அழுத்தத்தில், நைட்ரஜன் கலந்த வாயுவோடு. புதிய வினையூக்கி முதல் இரண்டு மூன்று நாள் துள்ளும். துளைகளில் மெழுகு நிரம்பியபின் அடங்கும். அந்த நாட்களில் ஒரு தடவைக்கு ஐந்து டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது.

ஆடிக்காற்றில் தென்னை மட்டை மின்கம்பியில் விழுகிறது, கரண்டு போகிறது. கம்ப்ரசர் நிற்கும், எண்ணெய்ப் பம்பும் நிற்கும். வாயு வரவில்லையே, இனி வெப்பம் இல்லை என்று நினைப்பது பிழை. குழாய்க்குள் 20 பாரில் தேங்கிய வாயு நின்ற இடத்திலேயே வினைபுரியும். வெப்பத்தைத் தூக்கிப்போக ஓட்டமோ எண்ணெயோ கிடையாது. கரண்டு இல்லாதபோது தானே திறக்கும் வால்வு வழியாக நைட்ரஜன் உலைக்குள் வரவேண்டும். வெளியேறும் பக்கம் மெதுவாக அழுத்தம் இறங்கவேண்டும். ஒரேயடியாகத் திறந்தால் உருகிய மெழுகை வாயு அள்ளிக்கொண்டுபோய்க் குளிர்ந்த குழாயில் அடைக்கும். எண்ணெய்ப் பம்புக்கு மட்டும் பேட்டரி வைப்பது மொத்தச் செலவில் சிறு தொகை. கொட்டகையின் இரு பக்கமும் திறந்திருப்பதும், 25 பிபிஎம்மில் அலறும் கார்பன் மோனாக்சைடு கருவி ஆள் உயரத்தில் இருப்பதும் தனியாகச் சொல்லத் தேவையில்லாதவை. ஆனாலும் விட்டுப்போவது இவைதான்.

வடிவது என்ன

மணிக்கு ஹைட்ரோகார்பன் 1.46 கிலோ. அதில் ஐந்து கார்பனும் அதற்கு மேலும் உள்ளவை 82 சதவீதம் என்றால் 1.2 கிலோ, நாளுக்கு 29 கிலோ. ஒரு விசைப்படகு ஒருமுறை கடலுக்குப் போய்வர நூற்றுக்கணக்கான லிட்டர் டீசல் கேட்கும். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த நிலையத்தின் அளவு புரியும்.

அந்த 29 கிலோவும் டீசல் அல்ல. சங்கிலி வளரும் வாய்ப்பைக் குறிக்கும் ஆல்பா 0.9 என்றால், சங்கிலி நீளங்களின் பங்கைச் சொல்லும் ஆண்டர்சன்–ஷூல்ஸ்–ஃப்ளோரி ஏட்டுக் கணக்குப்படி மொத்த ஹைட்ரோகார்பன் எடையில் வாயு 8 சதவீதம், நாஃப்தா (5 முதல் 9 கார்பன்) 18, டீசல் அளவிலான 10 முதல் 19 கார்பன் 34, மெழுகு 39. சூடு ஏறி ஆல்பா 0.8 ஆனால் வாயு 26 சதவீதமாகத் தாவும், மெழுகு 7 ஆகும், டீசல் 31-தான். எப்படித் திருகினாலும் நேரடி டீசல் 40 சதவீதத்தைத் தாண்டாது. மெழுகை அதிகமாக எடுத்து ஹைட்ரஜனில் உடைப்பது பெரிய ஆலைகளின் வழி. இந்த அளவில் மெழுகை மெழுகாகவே விற்பதுதான் புத்தி. ஊருக்கு ஊர் தேவாலயத் திருவிழா நடக்கும் மாவட்டம். மெழுகுவர்த்தி செய்பவர்கள் உண்டு. இந்தக் கடின மெழுகை மட்டும் வார்த்தால் வெடிப்பு விடும். பாரஃபினோடு சிறு பங்காகச் சேர்த்தால் வெயிலில் வர்த்தி வளையாது.

டீசலில் கந்தகம் இல்லை, எளிதில் பற்றுவதைக் காட்டும் சீட்டேன் எண் 70-க்கு மேல். ஆனால் அடர்த்தி குறைவு, பம்புக்கு வழவழப்பும் போதாது. தனியாக ஊற்றாமல் கலந்துதான் பயன்படுத்த வேண்டும். நேர்ச்சங்கிலி என்பதால் உறைவதும் சீக்கிரம். 16 கார்பன் 18 டிகிரியில் உறையும், 18 கார்பன் 28 டிகிரியில். மார்கழிக் காலையில் நாகர்கோவிலிலேயே கேனின் அடியில் வெள்ளையாகப் படியும். 17 கார்பனோடு வெட்டிவிடுவது நல்லது.

எண்ணெயைவிட அதிகமாக வடிவது தண்ணீர்: மணிக்கு 1.87 கிலோ. அதில் ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கரைந்திருக்கும். பிஎச் 3-ஐ ஒட்டி நிற்கும். சாதாரண எஃகுக் குழாயை அரிக்கும். பக்கத்துக் குளத்தில் விட்டால் ஆக்சிஜனை உறிஞ்சி மீனைச் சாகடிக்கும். இதைத் திரும்பக் கொதிக்கவைத்து, நீர்வாயு மாற்றத்துக்கு வேண்டிய நீராவியில் ஒரு பங்காக்கலாம்.

உலையிலிருந்து கடைசியில் வெளிவரும் வால்வாயுவில் மணிக்கு 51 மெகாஜூல் மிஞ்சுகிறது, பெரிய அளவுதான். ஆனால் கன மீட்டருக்கு 2.6 மெகாஜூல் என்ற மெலிவில் என்ஜின் ஓடாது. துணைச் சுடர் வைத்து எரித்துச் சிரட்டையை உலர்த்தலாம். மழைக்காலத்துக்கு அதுவே பதில்.

முப்பந்தல் காற்று

ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகளைப் பார்க்கும் எவருக்கும் அடுத்த யோசனை வரும்: தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் சேர்த்தால் நீர்வாயு மாற்றமே வேண்டாமே? கணக்கு அழகாக வருகிறது. 212 மோல் கார்பன் மோனாக்சைடை அப்படியே பயன்படுத்தக் கூடுதலாக மணிக்கு 0.51 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். கூடவே 4.1 கிலோ ஆக்சிஜன் பிறக்கும். 10 கிலோ சிரட்டையை வாயுவாக்கத் தேவையான ஆக்சிஜனும் ஏறக்குறைய அதுவே! காற்றுக்குப் பதில் இதை நீராவியோடு ஊதினால் நைட்ரஜன் தொல்லை ஒழியும், கம்ப்ரசர் பாதியாகும், வாயுவைச் சுற்றவிடவும் முடியும்.

மின்சாரம்தான் கசக்கிறது. கிலோவுக்கு 55 யூனிட் என்றால் மணிக்கு 28 யூனிட். எண்ணெய் 1.2-லிருந்து 1.95 கிலோவாகும். கூடிய 0.75 கிலோவில் ஆற்றல் 9 யூனிட். 28 கொடுத்து 9 வாங்குவது, கிரிட் ஏற்க மறுக்கும் மிச்ச மின்சாரத்துக்கு மட்டும் பொருந்தும். அதுவும் காற்று பலமாக வீசும் வைகாசி முதல் புரட்டாசி வரை. மற்ற மாதங்களில் நீர்வாயு மாற்றம் இருந்தே ஆகவேண்டும் என்பதால் எந்தக் கருவியும் மிச்சமாகவில்லை.

கோளாறை எப்படி அடையாளம் காண்பது

குழாய்க்குள் நீளவாக்கில் ஐந்தாறு புள்ளிகளில் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் ஒன்று இருந்தால் பாதி நோய் தானே பேசும். சூட்டுப் புள்ளி நாளுக்கு நாள் கீழே இறங்கி, மேல்பகுதி குளிர்ந்து கிடந்தால் கந்தகம். மேலிருந்து வரிசையாகச் செத்துக்கொண்டு வருகிறது. புள்ளி இடம் மாறாமல் எல்லா இடமும் ஒரே மாதிரி சோர்ந்தால் அம்மோனியாவையோ நீராவியையோ நினைக்கலாம். அம்மோனியா என்றால் சுத்த வாயுவில் ஓட்டிப் பார்க்கும்போது ஓரளவு மீளும். அழுத்த இழப்பு ஏறிக்கொண்டே போனால் தார். அதோடு மீத்தேனும் கூடினால் தலைப்பகுதியில் இரும்பு படிந்திருக்கிறது. அழுத்தம் திடீரென ஏறி, படுகையில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் உலையைத் திறக்க வேண்டாம். வெளியேறும் குழாயில் ஹீட்டிங் டேப் சுற்றாத வால்வோ பிளாஞ்சோ எங்கே என்று தேடினால் போதும். பத்து சென்டிமீட்டர் குளிர்ந்த இடம் மெழுகுக்குப் போதும். மெழுகு வெள்ளையாக வடியும்வரை நல்லது. சாம்பல் நிறம் கலந்தால் வினையூக்கி பொடிந்து வருகிறது.

வினையூக்கி முடிந்தபின் குழாயைத் திறந்து கொட்டுவது தொடங்கியதைவிடக் கவனம் கேட்கும். நைட்ரஜன் ஓடிக்கொண்டிருக்க, மெழுகோடு சேர்த்தே 50 டிகிரிக்குக் கீழே குளிர்வித்து, மெழுகு உறையாக இருக்கும்போது இரும்பு டிரம்மில் இறக்கி மூட வேண்டும். கோபால்ட் தூசி நுரையீரலுக்குக் கேடு. துணி முகமூடி போதாது. அந்த டிரம்மில் 2.8 கிலோ கோபால்ட் இருக்கிறது. குப்பைமேட்டுக்கு அல்ல, உலோகம் மீட்கும் உரிமம் பெற்ற இடத்துக்கு அனுப்பவேண்டிய சரக்கு.